பதினான்காம் எண் கப்பலின் முன்பக்கம்

ஜூன் 4

தங்கைக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். முகவரி உன் அண்ணி கொடுத்தது. நீங்கள் இருவரும் என் முதுகுக்குப் பின்னால் வாரம் தவறாமல் பேசிக்கொள்வது எனக்கு எப்போதோ தெரியும். தெரியாத மாதிரி இருப்பது என் பெருந்தன்மை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தொடர் முடியப்போகிறது. பாழாய்ப்போன ஒரு கிரகத்திலிருந்து இருபத்து மூன்று விண்கப்பல்கள் புறப்பட்டு, குடியேற இன்னொரு கிரகம் தேடி ஒன்பது வருடம் பறந்தாயிற்று. போதும், கொண்டுபோய் இறக்கு என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நீ வேலையை விட்டுப் போன இரண்டு வருடமாகத் தொடரையே பார்ப்பதில்லை என்று அண்ணியிடம் பெருமையடித்தாயாம்.

கடைசி அத்தியாயத்தோடு சேர்த்து ‘கப்பற்படைக் கையேடு’ என்று ஒரு புத்தகம் வருகிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் நான்கு கட்டம்: நீளம், ஆட்கள், வேகம், பயன். ஐந்து பெரிய கப்பல்களுக்கும் அறுபது பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமைக் கப்பல் ‘அரிமா’வுக்கு மட்டும் இருபத்திரண்டு பக்கம். மிச்சம் இருக்கும் பதினெட்டுக் குட்டிக் கப்பல்கள்தான் தலைவலி. அவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண். ‘பயன்’ என்ற கட்டம் பதினெட்டுக்கும் காலியாகக் கிடக்கிறது.

புத்தகத்தின் பதிப்பாசிரியரை நாங்கள் ‘கத்தரி’ என்றுதான் கூப்பிடுகிறோம், எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டுகிற மனிதர். ஜூலை 10-க்குள் கட்டங்களை நிரப்பித் தராவிட்டால் பதினெட்டையும் தூக்கிவிட்டு நடிகர்களின் புகைப்படங்களைப் போட்டுவிடுவாராம். அரை மணி நேரம் உட்கார்ந்தால் நானே எதையாவது எழுதி நிரப்பிவிடுவேன். ஆனால் பதினெட்டையும் வரைந்து, மாடல் செய்தவள் நீ. அந்த மரியாதைக்காகக் கேட்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். அதற்கு மேல் அவற்றில் எதுவும் இருக்கப்போவதில்லை.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்

*

ஜூன் 11

மாண்புமிகு கதாசிரியர் அவர்களின் திருச்சமூகத்துக்கு,

தங்கள் மரியாதை வந்து சேர்ந்தது. கவர் ஓரத்தில் டீக்கறை இருந்தது, அதனால் அசல்தான் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ரசிகர் கூட்டத்தில் நடந்தது தங்களுக்கு மறந்திருக்கலாம். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கனமான கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் எழுந்து, “சார், பெரிய கப்பலுக்குப் பக்கத்துல சின்னச் சின்னதா போகுதே, அதெல்லாம் எதுக்கு சார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஏழு வருடத்தில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. தாங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: “அதுவாம்மா? அதெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. வானம் காலியா இருந்தா நல்லா இருக்காதில்ல? இடம் அடைக்கத்தான்.” அரங்கமே சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்துவிட்டேன்.

இடம் அடைக்கிற பொருளுக்குப் பயன் என்ன என்று என்னைக் கேட்பானேன்? ‘பயன்: இடம் அடைத்தல்’ என்று பதினெட்டு முறை எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.

நான் இப்போது பல் செட் செய்கிறேன். டாக்டர் அச்செடுத்து அனுப்புகிறார், நான் மெழுகில் பல் அடுக்கி, வார்த்து, தேய்த்துக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு ஆள் வந்து, முன்பல் நாலு மட்டும் போதும், சிரித்தால் தெரிவது அதுதானே என்றார். டாக்டர் அவரைப் பார்த்து, “சிரிச்சிக்கிட்டே இருப்பீங்க சரி, எதால சாப்பிடுவீங்க?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று தங்கள் ஞாபகம் வந்தது.

அண்ணிக்கு என் அன்பு. தங்களுக்கு ஒன்றும் இல்லை.

இடம் அடைத்தவள்

*

ஜூன் 16

தங்கைக்கு,

கிண்டல் நன்றாக இருக்கிறது. நாடகம் எழுத வந்திருக்கலாம் நீ. ஊரார் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருப்பதற்கு அது தேவலை.

மேடையில் சொன்னது ஒரு தமாஷ். அதற்காக ஏழு வருட வேலையை உதறிவிட்டுப் போனவளைப் பார்த்து ஊர் சிரித்தது, என்னைப் பார்த்து அல்ல. உண்மையைச் சொல்வதானால் தமாஷும் அல்ல. ஜனங்கள் அரிமாவைப் பார்க்கத்தான் உட்கார்கிறார்கள். அரிமா எவ்வளவு பெரியது என்று காட்ட அதன் பக்கத்தில் சின்னதாக ஏதாவது பறக்க வேண்டும். குட்டிக் கப்பலின் பயன் அவ்வளவுதான். எந்தக் கதாசிரியனைக் கேட்டாலும் இதையே சொல்வான்.

ஆனாலும் கத்தரி விடமாட்டேன் என்கிறார், அதனால் நானே நிரப்பிவிட்டேன். நகல் இணைத்திருக்கிறேன். பார்த்து வயிற்றெரிச்சல் படாதே.

எண் 1: வேவுக் கப்பல். எண் 2: அதிவேக வேவுக் கப்பல். எண் 3: துப்பாக்கிக் கப்பல் (பக்கத்தில் குழாய்கள் இருக்கின்றன). எண் 4, 5: வேவு. எண் 6: ஏவுகணைக் கப்பல், உருண்டையாக இருப்பதால். எண் 7: தூதர்களுக்கு. எண் 8: ரகசியம், சொல்ல முடியாது. எண் 9 முதல் 13 வரை: வேவு. எண் 14: வழிகாட்டிக் கப்பல். எண் 15 முதல் 18 வரை: காவல் மற்றும் வேவு.

இதையே அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். உனக்கு ஆட்சேபம் இருந்தால் எழுது. இல்லையென்றால் இனி இதைப் பற்றி அண்ணியிடம் புலம்பாதே. நீ புலம்பி முடித்ததும் அவள் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கிறாள்.

அண்ணன்

*

ஜூன் 23

கதாசிரியருக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் பட்டியலை மூன்று நாள் மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தேன். இன்று காலை ஒரு கிழவருக்காகக் கீழ்த்தாடை அடுக்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு பல்லைக் கோணலாக வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம். அந்த மனிதர் உன்னால் கோணல் பல்லோடு திரிய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பதினெட்டில் பதின்மூன்று வேவு. எதை வேவு பார்க்கிறார்கள்? ஒருவரை ஒருவரா? அரிமாவில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதினாய். ஒன்பது வருடம் அத்தனை பேரும் மடிப்புக் கலையாத சீருடையில் நின்று வீரவசனம் பேசினார்களே, அதைத் துவைத்தது யார் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? எண் 3 துவைத்தது. நீ துப்பாக்கி என்று கண்டுபிடித்தது ஆவி போகும் குழாய்கள். சோப்பு டப்பாவில்தான் அதைச் செய்தேன், மூடியில் சோப்புக் கம்பெனி எழுத்து இன்னும் லேசாகத் தெரியும். ஒளிக்கவே இல்லை.

எண் 6 தண்ணீர்க் கப்பல். வழியில் கிடைக்கிற பனிப்பாறைகளை இழுத்துப் போட்டு உருக்கும். உருண்டையாக இருந்தால் ஏவுகணை என்றால் உன் தலைக்குள்ளும் அதுதான் இருக்கிறது என்று அர்த்தமா?

எண் 8-இல் ரகசியம் ஒன்றும் இல்லை. அதில் கதவுகள் இருக்கின்றன. வெறும் கதவுகள். வாரா வாரம் அரிமாவின் கதவைக் குண்டு வைத்துப் பெயர்ப்பாய். அடுத்த வாரம் புதுக் கதவு இருக்கும். எங்கிருந்து வந்தது?

எண் 7 தூதர்களுக்கு அல்ல. ஒரே கப்பலில் சேர்ந்து இருக்க முடியாதவர்களுக்கு. நாலாயிரம் பேரை ஒன்பது வருடம் அடைத்து வைத்தால் முகத்தில் முழிக்கப் பிடிக்காதவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அவர்கள் கொஞ்ச காலம் தனியாகப் போய் இருந்துவிட்டுத் திரும்பட்டும் என்று செய்தேன். ஜன்னல்கள் எல்லாம் அரிமாவைப் பார்க்காத பக்கம் இருக்கும். அங்கே எனக்கு ஒரு அறை உண்டு.

எண் 11 செத்தவர்களுக்கு. நீ ஒரு சண்டைக்கு முந்நூறு பேரைக் கொல்வாய், பிறகு விளம்பரம் வரும். அந்த முந்நூறு பேரும் எங்கே போனார்கள்? அதனால்தான் 11-க்கு விளக்கே வைக்கவில்லை. லைட்பாய் அண்ணன் ஒருவர்தான் கேட்டார். “இது என்னம்மா, இருட்டா இருக்கு?” என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மாடலைத் தூக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்குவார்.

மற்றவை தனித்தாளில் இருக்கின்றன. ஒன்றுகூட வேவு இல்லை. உன் மெருகு எதுவும் தடவாமல் அப்படியே போடு.

எண் 14-ஐ மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்துவிடு. படமும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். காரணம் கேட்காதே.

தங்கை

*

ஜூன் 29

தங்கைக்கு,

உன் தாளைக் கத்தரியிடம் கொடுத்தேன். அந்த மனிதர் நின்ற இடத்திலேயே படித்து முடித்துவிட்டு, “ஏன் சார், ஒன்பது வருஷமா இதை எங்க வச்சிருந்தீங்க?” என்று என்னைக் கேட்டார். பதினேழையும் ஒரு சொல் வெட்டாமல் எடுத்துக்கொண்டார். அரிமாவின் இருபத்திரண்டு பக்கத்தில் ஒன்பது பக்கத்தை வெட்டி உன் துணி துவைக்கிற கப்பலுக்கு இடம் கொடுத்திருக்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே கற்பனை செய்து சந்தோஷப்பட்டுக்கொள்.

அண்ணி கதவுக் கப்பலைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உங்களுக்கு இத்தனை வருஷத்தில ஒரு தடவையாவது தோணுச்சா?” என்றாள். தோன்றவில்லை என்று சொல்ல என்ன வெட்கம்? எனக்குத் தோன்ற வேண்டியவை வேறு. நான் போர் எழுதுகிறவன், சலவைக் கணக்கு எழுதுகிறவன் அல்ல.

14 விஷயத்தில் உன் பேச்சைக் கேட்க முடியாது. காரணம் சொல்கிறேன், நீயும் சொல். அதுதான் குட்டிக் கப்பல்களிலேயே ஜனங்களுக்குப் பிடித்தது. மூக்கில் பெரிய வட்டக் கண்ணாடி வைத்துக்கொண்டு ஆர்வமாக எட்டிப் பார்த்துக்கொண்டே வருமே, அதற்கு ‘வேடிக்கை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கடைசி அத்தியாயமே அதன் தலையில்தான் நிற்கிறது. அரிமாவின் கண்கள் பழுதாகிவிடும், 14 முன்னால் போய் வழிகாட்டும், படை முழுவதும் அதன் பின்னால் போய்ப் புதுக் கிரகத்தில் இறங்கும். ஜூலை 22 படப்பிடிப்பு. தளமும் பேசியாயிற்று.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்கிறேன், அண்ணிக்குத் தெரிய வேண்டாம். கடைசிக் காட்சி சரியாக வரவில்லை. நாலு தடவை எழுதிவிட்டேன். இயக்குநர் படித்துவிட்டு, “எல்லாரும் வந்துட்டாங்க சார், எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்கிறார். அவருக்கு ரசனை போதாது என்று நினைக்கிறேன்.

14-இல் உனக்கு என்ன கோபம்?

அண்ணன்

*

ஜூலை 3

அண்ணனுக்கு,

சரி, கேள். ஒன்பது வருடமாக நீயே கண்டுபிடிப்பாய் என்று காத்திருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நீ அதைப் பின்னுக்கு முன்னாக மாட்டியிருக்கிறாய். ஒன்பது வருடமாக அந்தக் கப்பல் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பறக்கிறது.

அது மூக்கு இல்லை. அதுதான் பின்பக்கம். அந்த வட்டக் கண்ணாடி உன் பழைய மூக்குக்கண்ணாடியின் வலது கண். நீ அதன்மேல் உட்கார்ந்து உடைத்தாயே, அது. அதன் வழியாகப் பின்னால் பார்க்க வேண்டும். படையில் கடைசியாக வருகிற கப்பல் அது. முன்னால் போகிறவர்கள் எல்லாரும் முன்னால்தான் பார்ப்பார்கள். யாராவது பழுதாகி நின்றுவிட்டால், யாராவது விடுபட்டுவிட்டால் பார்க்க ஒருவராவது வேண்டாமா? அது பின்னால் பார்த்துக்கொண்டே வரும். ஒருவர் தெரிந்தாலும் நின்றுவிடும். அவர் வந்து சேர்கிற வரைக்கும் நகராது. அதன் பயன் அது ஒன்றுதான். அதனால்தான் என்ஜினைப் பின்னால் வைக்காமல் இரண்டு பக்கத்திலும் வைத்தேன், நெருப்பு பார்வையை மறைக்கக் கூடாது என்று.

முதல் படப்பிடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அதை முடித்தேன். ஸ்டாண்டு மாட்டுவதுதான் பாக்கி. அந்த ஸ்டாண்டுக்குத் தகடு வெட்டும்போதுதான் கட்டர் என் மோதிர விரல் நுனியைக் கொண்டுபோயிற்று. நீதான் டாக்ஸியில் கூட்டிப் போனாய். ஆஸ்பத்திரி கேட்டில் வண்டியை நிறுத்தி, “நீ உள்ள போய்ட்டே இரு, நான் தளத்துல மாடலை எல்லாம் இறக்கிட்டு வந்துடறேன்” என்றாய். என் மடியில் பதினெட்டும் இருந்த பெட்டி. அதை வாங்கிக்கொண்டு போனாய். துண்டைச் சுற்றிய கையோடு நான் இறங்கினேன்.

விரலைத் தைக்கும்போது நர்ஸ், “கூட வந்தவங்க எங்கம்மா?” என்று கேட்டார். “வந்துக்கிட்டிருக்காங்க” என்றேன். மறுநாளும் அதையே கேட்டார், அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா? நீ நாலாம் நாள் வந்தாய். கையில் ஒரு பூச்செண்டு. “ஷாட் எல்லாம் பிரமாதமா வந்திருக்கு” என்றாய். விரல் எப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டாய்.

மூன்று மாதம் கழித்து முதல் அத்தியாயம் வந்தது. வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்தேன். அரிமா போயிற்று, மற்றதெல்லாம் போயிற்று, கடைசியில் 14 வந்தது. திருப்பி மாட்டியிருந்தது. பின்னால் பார்க்க இருந்த ஒரே கண்ணையும் முன்னால் திருப்பிவிட்டிருந்தாய். அதற்குப் பிறகு அந்தப் படையில் யார் விழுந்தாலும் பார்க்க ஆளில்லை. நீ என் கையைத் தட்டி, “எப்படி?” என்றாய். நன்றாக இருக்கிறது என்றேன். அன்று சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு. வீம்பு நம் குடும்பச் சொத்து, அதில் மட்டும் பாகம் சரியாகப் பிரித்துக்கொண்டோம்.

இப்போது காரணம் தெரிந்துவிட்டது. 14-ஐ எடுத்துவிடு. வழிகாட்டியாம்.

தங்கை

*

ஜூலை 8

தங்கைக்கு,

நான் இதை நம்பவில்லை.

எந்தக் கப்பலிலும், எந்த வண்டியிலும், எந்தப் பிராணியிலும் கண் முன்னால்தான் இருக்கும். ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், இரண்டு இயக்குநர்கள், வாரம் நூறு கடிதம் எழுதி உயிரை எடுக்கிற ரசிகர்கள், இத்தனை பேருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் தெரியுமா? இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்ததில் ஜோடித்த கதை மாதிரி இருக்கிறது. அப்படியே உண்மையாக இருந்தாலும், தெரிந்தே ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் என்னை வேடிக்கை பார்த்த உன்னை என்னவென்று சொல்வது?

ஆஸ்பத்திரி விஷயத்தை இதில் இழுக்காதே. தளம் மூன்று நாளைக்குத்தான் கிடைத்தது. போகாவிட்டால் தொடரே இல்லை. உனக்கும் வேலை இருந்திருக்காது.

நாளை மாடல் அறைக்குப் போய் நேரில் பார்க்கப் போகிறேன், உன் பொய்யை நிரூபிக்க.

அண்ணன்

*

ஜூலை 13

தங்கைக்கு,

போனேன்.

நீ போன பிறகு மாடல் அறையை யாரும் சரியாகப் பராமரிப்பதில்லை. அரிமாவுக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டி. உன் பதினெட்டும் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் கிடந்தன. துணி துவைக்கிற கப்பலின் மூடியைத் தேய்த்துப் பார்த்தேன், எழுத்து தெரிந்தது. பதினான்கை எடுத்துக் கவிழ்த்து டார்ச் அடித்தேன். ஸ்டாண்டு ஒட்டிய இடத்தில் பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அதற்கு அடியில் பென்சிலில் ஒரு அம்பு, பக்கத்தில் ‘முன்’ என்று உன் கையெழுத்து. அம்பு கண்ணாடிக்கு எதிர்த்திசையைக் காட்டியது.

இதோடு நிறுத்திக்கொண்டு, பசை மறைத்துவிட்டது, கவனிக்கவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். நீ நம்பியும் இருப்பாய். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் அந்த அம்பைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. நான் அன்றைக்கே அதைப் பார்த்தேன். பசையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒளிப்பதிவாளர்கூட, “தங்கச்சி ஏதோ குறிச்சிருக்கு போல இருக்கே சார்” என்றார். நான், “அவளுக்கு எப்பவுமே முன்னும் தெரியாது பின்னும் தெரியாது, தப்பாக் குறிச்சிருக்கா” என்று சொல்லி அம்பின் மேலேயே பசையைத் தடவி ஒட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ அந்த நேரத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

தவறுதலாகச் செய்யவில்லை. உனக்குத் தெரியாது என்று முடிவு கட்டிச் செய்தேன். நாலாம் நாள் வரை வராததும் அப்படித்தான். தளத்தை முதல் நாள் சாயங்காலமே ஆறு மணிக்கு மூடிவிட்டார்கள், ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. நர்ஸ் இருப்பாள், டாக்டர் இருப்பார், நான் போய் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். கேவலமாக இருக்கிறது எழுத. எழுதிவிட்டேன்.

அண்ணியிடம் உன் ஜூலை 3 கடிதத்தைக் கொடுத்தேன், அம்பைப் பற்றியும் சொன்னேன். நேற்று முழுவதும் என்னோடு பேசவில்லை. எண் 7-இல் எனக்கும் அறை கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன், அதற்கும் சிரிக்கவில்லை.

கடைசிக் காட்சியை மாற்றிவிட்டேன். இரண்டு பக்கம்தான் வந்தது. படை இறங்குகிறது. அரிமா, மற்ற பெரியவை, உன்னுடையவை ஒவ்வொன்றாக. எண்ணுகிறார்கள், இருபத்திரண்டு. ஒன்று குறைகிறது. மேலே பார்த்தால் 14 இன்னும் வெளியே நிற்கிறது, முதுகைப் புதுக் கிரகத்துக்குக் காட்டிக்கொண்டு, கண்ணாடியை வந்த வழிக்குத் திருப்பிக்கொண்டு. “ஏன் இறங்கல?” என்று அரிமாவிலிருந்து கேட்கிறார்கள். “இன்னும் ஆள் வரணும்” என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், முடிந்தது. இயக்குநர் படித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வழக்கம்போல எனக்குத்தான் பாராட்டு. உன்னுடையது என்று சொன்னேன். கத்தரியிடமும் சொல்லிவிட்டேன், 14-இன் பக்கத்தில் உன் ஜூலை 3 கடிதத்திலிருந்து அந்த ஒரு பத்தி அப்படியே போகிறது. நீ வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.

இப்போது வெட்கக்கேடான பகுதி. அதைத் திருப்பி மாட்ட நானே முயன்றேன். பிளேடால் பசையைக் கீறி எடுக்கலாம் என்று பார்த்தேன். கழுத்து இரண்டாக முறிந்துவிட்டது. கண்ணாடியும் கழன்று வந்துவிட்டது. மாடல் அறையில் இப்போது இருப்பவர்கள் பார்த்துவிட்டு, “இதை இப்படி யார் செஞ்சது? எங்களால ஆகாது சார்” என்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். வந்து சரி செய்து, உன் கையாலேயே மாட்டிக் கொடு. மன்னித்துவிடு என்று எழுதினால் அதையும் நீ கிண்டல் செய்வாய். செய், பரவாயில்லை. மன்னித்துவிடு.

உன் விரல் எப்படி இருக்கிறது?

அண்ணன்

*

ஜூலை 17

அண்ணனுக்கு,

பிளேடால் கீறினாயா? எங்கள் டாக்டரிடம் சொன்னேன், “அவரைப் பல் பக்கம் விட்டுடாதீங்கம்மா” என்றார்.

உடைந்த துண்டு ஒன்றையும் தொடாதே. ஒட்டிப் பார்க்கிறேன் என்று ஆரம்பிக்காதே. கண்ணாடியைத் துடைக்காதே, கீறல் விழும். எல்லாவற்றையும் பஞ்சில் வைத்து ஒரு டப்பாவில் போட்டு மூடி, அண்ணி கையில் கொடுத்துவிடு. மற்ற பதினேழையும் கூடையிலிருந்து எடுத்து மேஜைமேல் அடுக்கி வை. எண் 11-ஐ இரண்டு கையாலும் தூக்கு.

பத்தியைப் போடலாம். “அது மூக்கு இல்லை” என்பதிலிருந்து போடு. உன் கண்ணாடிமேல் நீ உட்கார்ந்ததை எடுத்துவிடாதே.

விரல் மழை நாளில் மட்டும் வலிக்கும். இதைக் கேட்க உனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. ஒரே கடிதத்தில் மன்னிக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. மிச்சத்தை நேரில் வந்து திட்டுகிறேன். பல் ஒட்டுகிற பிசின் கொண்டுவருகிறேன், எலும்புபோல நிற்கும். ஸ்டாண்டு நான்தான் மாட்டுவேன், நீ டார்ச் பிடி.

இருபதாம் தேதி காலைப் பேருந்தில் வருகிறேன், பதினொன்றரைக்கு அங்கே நிற்கும். டாக்ஸியை அனுப்பாதே. யாரையும் அனுப்பாதே, நீ வந்து நில். முதல் பத்துப் பேர் இறங்கியதும், வரவில்லை போலிருக்கிறது என்று கிளம்பிவிடுவாய், உன்னைத் தெரியும். நில். வண்டி காலியாகிற வரைக்கும் நில்.

நான் கடைசியாகத்தான் இறங்குவேன்.

தங்கை